அரைக்கால் பசி

சாப்பிட்டு அரைமணி நேரம்கூட ஆகவில்லை, மாடத்திக்குப் பசித்தது. தூக்குச்சட்டிக் கஞ்சி, அவித்த பயறு, பக்கத்துப் பாத்திக்காரி கொடுத்த கருவாட்டுத் துண்டு எல்லாம் வயிற்றில் கனமாகத்தான் கிடந்தன. ஆனாலும் தொப்புளுக்கு நாலு விரல் மேலே, யாரோ உள்ளேயிருந்து ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்கியது. உப்பு இழுக்கும் வாரியைப் பாத்தியில் ஊன்றிக்கொண்டு, அது அடங்கும்வரை நின்றாள்.

"வந்துட்டாளா?" என்று கேட்டாள் அடுத்த பாத்தியில் நின்ற கனியம்மா.

"வந்துட்டா. பள்ளிக்கூடத்துல தட்டு கழுவுற நேரம்லா. சோறு தீந்துபோச்சுன்னு அவ உடம்பு பயப்படுது."

அது மாடத்தியின் பசி அல்ல. நாலு கிலோமீட்டர் தள்ளிப் பள்ளிக்கூடத்தில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் ஏழு வயது ஆதிராவின் பசி. அதுவும் முழுப் பசி இல்லை. எட்டில் ஒரு பங்கு. அரைக்கால்.

ஆதிராவின் அம்மா இறந்த ஆறாம் மாதம், அப்பன் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கோ போனான். பிள்ளை உள்ளே இருந்தது. பதினொரு நாள். குழாய்த் தண்ணீரும் டப்பாவின் அடியில் கொஞ்சம் பச்சரிசியும் இருந்ததால் பிழைத்தாள். கதவை உடைத்தபோது சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள் என்று கோப்பில் எழுதியிருக்கிறது. அதற்குப் பிறகு உடம்பு தேறியது, எடை கூடியது, பசி மட்டும் போகவில்லை. தின்னத் தின்னப் பசித்தது. வாந்தி எடுத்துவிட்டு மறுபடி தின்றாள். தலையணைக்குள் சோற்றை ஒளித்தாள், எறும்பு வந்தது, பிறகு எலி வந்தது. எலி வந்த வாரமே முதலாவது வளர்ப்புக் குடும்பம் அவளைத் திருப்பிக் கொடுத்தது. இரண்டாவது குடும்பம் ஒரு மாதம் வைத்திருந்தது. மூன்றாவது குடும்பம் பெரிய வீடு, பெரிய மனசு என்று பத்திரிகையில் வந்தவர்கள். அவர்கள் ஒன்பதாவது நாள் ரசீது கேட்டு வாங்கிக்கொண்டு பிள்ளையைத் திருப்பி ஒப்படைத்தார்கள்.

நாலாவதாகத்தான் மாடத்தி. மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டதில் வீட்டில் ஒரு பாய் விரிக்க இடம் இருந்தது. புருஷன் கொம்பையா உப்பு லாரியில் மூட்டை ஏற்றுகிறவன். கடல் ரெண்டு தெரு உள்ளே வந்த பிறகும் அந்த ஊரில் உப்பு விளைந்தது. இயந்திரம் வைத்துப் பார்த்தார்கள். உப்பு இரும்பை அரித்தது, முதலாளிக்கு நஷ்டம். பெண்களின் காலை அரித்தால் அது பெண்களின் நஷ்டம் என்பதால் பெண்களையே வைத்துக்கொண்டார்கள்.

அந்த வருஷம்தான் ஒட்டு வந்தது. காகிதத்தில் அதற்கு நீளமான பெயர். ஊரில் ஒட்டு. கட்டைவிரல் அகலத்தில் தோல் நிறத் துண்டு, பிடரியில் ஒட்டிக்கொள்வது. அதைக் கொண்டுவந்த ரெஹானா சின்ன வயசு டாக்டர், பேசும்போது கண்ணைப் பார்த்துப் பேசுகிற ஆள். ஆதிராவைத் தென்கரை மழலை நல முகமையின் அறையில் உட்காரவைத்து அவள் பிடரியில் ஒன்று ஒட்டிய அன்று மாடத்தி கேட்டாள்.

"இதோட பசி போயிருமா டாக்டரம்மா?"

"போகாதுக்கா. இடம் மாறும். அவ நரம்புல பயம் பசியாப் பதிஞ்சு கெடக்கு, அதை அழிக்க எங்களுக்குத் தெரியல. எட்டுப் பேர் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கிட்டா அவளுக்கு வராது. ரெண்டு மூணு வருஷம் பசியில்லாம இருந்து பழகிட்டா அவ உடம்பே மறந்துரும்."

"எட்டுல ஒருத்தர் கழட்டிட்டா?"

"அந்தப் பங்கு அவளுக்கே திரும்பிப் போகும். மத்தவங்க மேல ஏறாது. ஒப்பந்தத்துல அப்படித்தான் போட்டிருக்காங்க, ஒருத்தர் சுமையை இன்னொருத்தர் மேல ஏத்தக்கூடாதாம்."

"நல்ல நியாயம்தான்," என்றாள் மாடத்தி. "புள்ள மேல ஏத்தலாமாக்கும்."

ஒப்பந்தம் முகமைக்கும் வளர்ப்புக் குடும்பங்கள் சங்கத்துக்கும் நடுவில். பசியை வாங்கிக்கொள்ளும் எட்டு ஒட்டில் நாலு சங்கத்தார், நாலு முகமை அதிகாரிகள். குடும்பங்களை இனித் தனியே தவிக்கவிட மாட்டோம், சரிபாதி நாங்கள் சுமப்போம் என்று முகமையின் இயக்குநர் கோகுல்நாத் மேடையில் சொன்னார். 'தோளோடு தோள்' என்று பேனர் கட்டியிருந்தார்கள். நாலு அதிகாரிகளும் வரிசையாகத் திரும்பி நின்று பிடரியைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் அதற்காகவே முடி வெட்டிக்கொண்டு வந்திருந்தார். சங்கச் செயலாளர் ஜெயசிங் ஐந்து பொன்னாடை வாங்கினார், ஒன்று தனக்கு.

சங்கத்தின் நாலு பேரில் மாடத்தி ஒருத்தி. மற்றவர்கள் தையல்காரர் தாவீது, டீக்கடைச் சரசு, பஸ் ஓட்டுகிற முனியசாமி. ஜெயசிங்குக்கு ரத்த அழுத்தம் இருந்ததால் அவர் வழிநடத்துவதோடு நிறுத்திக்கொண்டார்.

ஒட்டு வேலை செய்தது. அதில் பொய் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் ஆதிரா ரெண்டு இட்லி தின்றுவிட்டு மூன்றாவதைத் தட்டிலேயே வைத்தாள். வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பெரியம்மா, போதும்னா இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டாள். கொம்பையா முகத்தைத் திருப்பிக்கொண்டு பீடி தேடினான். அவன் பீடியை விட்டு ஆறு வருஷம் ஆகிறது.

எழுபது நாள் இப்படிப் போக வேண்டும். எழுபதாம் நாள் மாலை ஐந்து மணிவரை பிள்ளைக்குப் பசி தலைகாட்டாமல் இருந்தால், பதினெட்டு வயசுவரை அந்த வீடுதான் என்று முத்திரை குத்துவார்கள். நடுவில் ஒருநாள் முறிந்தாலும் இல்லத்துக்கு. இல்லத்தில் இருநூறு பிள்ளைகள், ஒட்டு கிடையாது.

ஒட்டில் ஒரு சின்ன ஒழுக்கு இருந்தது. பசி இந்தப் பக்கம் வருவதுபோல, சுமப்பவர்களின் உடம்பு நோவும் மற்றவர்களுக்கு லேசாகக் கசியும். ரெஹானா முதலிலேயே சொல்லியிருந்தாள். ரெண்டே வாரத்தில் மாடத்திக்குத் தாவீதின் வலது பெருவிரல் தெரிந்தது, சரசுவின் கால் வீக்கம் தெரிந்தது, முனியசாமியின் கழுத்துப் பிடிப்பு தெரிந்தது. முகமைக்காரர்களின் நோவு எப்படி இருக்கும் என்று அவளும் கனியம்மாவும் பாத்தியில் சிரித்துச் சிரித்துப் பேசினார்கள். உட்கார்ந்தே மரத்துப்போன தொடையாக இருக்கும் என்றாள் கனியம்மா. பஜ்ஜி தின்ற நெஞ்செரிச்சலாக இருக்கும் என்றாள் மாடத்தி.

வந்தது வேறு. குனிந்து குனிந்து நொந்த இடுப்பு. துணி பிழிந்து பிழிந்து வீங்கிய மணிக்கட்டு. நாள் முழுக்க ஈரத்தில் ஊறிய பாதம், விரல் இடுக்கில் எரிச்சல். அந்த எரிச்சலை மாடத்திக்கு உப்புத் தண்ணீர் சொல்லிக்கொடுத்திருக்கிறது. நாலு அதிகாரிகளுக்கும் ஒரே நேரத்தில் ஒரே இடுப்பு நொந்தது. உட்கார்ந்தால் நாலு உடம்பும் ஒன்றாக உட்கார்ந்தன. காலை பத்து மணிக்குப் படி ஏறும்போது நாலும் ஒன்றாக மூச்சு வாங்கின.

ஒன்பதாவது வாரம் ஆதிராவைச் சோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனபோது முகமையின் நடையில் ஒரு பெண் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்தைந்து வயசு இருக்கும். ஒப்பந்தக் கம்பெனிச் சட்டை, சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றி இறுக்கியிருந்தாள். அவள் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்தாள். மாடத்தியின் இடுப்பில் பிடி விழுந்தது.

மாடத்தி பக்கத்தில் போய் நின்றாள். "அக்கா, இன்னொரு தடவ குனிங்க."

"எதுக்குத் தாயி?"

"குனிங்களேன்."

அவள் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுக் குனிந்தாள். மாடத்திக்கு இடுப்பு வெட்டியது. அந்தப் பெண்ணின் கழுத்துத் தலைப்பை ஒதுக்கிப் பார்த்தாள். பிடரியிலிருந்து முதுகு வரைக்கும், சட்டைப் பொத்தான்போல வரிசையாக, நாலு ஒட்டு.

பெயர் லூர்தம்மாள். அன்று மாடிப்படிக்கு அடியில், வாளிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அவள் சொன்னது நீளமான கதை இல்லை. படம் எடுத்து முடித்த சாயங்காலம் இயக்குநர் கூப்பிட்டார். வீட்டில் விருந்தாளி வந்திருப்பதாகவும், இந்தக் கருமத்தோடு சாப்பிட உட்கார முடியவில்லை என்றும், ஒரு ராத்திரிக்கு வைத்துக்கொள்ளச் சொல்லியும் ஒட்டைக் கழற்றி அவள் பிடரியில் ஒட்டினார். மறுநாள் அவர் கேட்கவில்லை. மற்ற மூன்று பேரும் அதற்கு மறுநாள் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒட்டுக்கு ஆள் தெரியாது, கழுத்துதான் தெரியும். வேலை ஒப்பந்தம் வருகிற மாதம் புதுப்பிக்க வேண்டும் என்று ஒருவர் நினைவுபடுத்தினார்.

"நாலு பங்கும் நீங்களா? சரிபாதிலா அது. ஒத்த ஆளா எப்படிக்கா தாங்குதீய?"

"பசி எனக்குத் தெரியாத ஆளா?" என்றாள் லூர்தம்மாள். "சின்னப் புள்ளையில இருந்து பழக்கம். என்ன, இப்போ சாப்பிட்டாலும் நிக்க மாட்டேங்குது. ரெண்டு தடவ படியில விழுந்துட்டேன். அந்தப் புள்ள நல்லா இருக்காளா? அத ஒருநாளும் யாரும் எனக்குக் காட்டல."

மாடத்தி வெளியே போய் ஆதிராவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பிள்ளை கையில் பாதி தின்ற கொய்யாப்பழம். லூர்தம்மாள் அந்த மிச்சப் பாதியையே பார்த்தாள்.

"புள்ள மிச்சம் வைக்கா," என்றாள்.

ஜெயசிங்கிடம் போனாள் மாடத்தி. அவர் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்து, எம்மா, கூட்டுறவு என்பது கண்ணாடிப் பாத்திரம் மாதிரி என்றார். எழுபதாம் நாள் விழா இருக்கிறது, மாநிலத்திலிருந்து ஆள் வருகிறது, இந்தத் திட்டம் ஆறு மாவட்டத்துக்குப் போகப்போகிறது என்றார். யாரோ ஒரு அம்மாள் விரும்பிச் சுமக்கிறாள், அதையும் ஒரு சேவை என்று பார்க்கலாமே என்றார். அவர் தலைக்கு மேல் சங்கம் வாங்கிய பதினாலு சான்றிதழ் தொங்கியது. கடைசியாக, கோபத்தில் இருக்கிறவளைச் சாந்தப்படுத்த ஒரு பதவி கொடுப்பதுபோல, விழாவில் இயக்குநருக்குப் பொன்னாடை போர்த்தும் வாய்ப்பை அவளுக்குக் கொடுத்தார். வளர்ப்புத் தாய் கையால் போர்த்தினால் படம் நன்றாக வரும்.

எழுபதாம் நாள் காலை லூர்தம்மாள் மூன்றாவது தடவையாக விழுந்தாள். விழா மண்டபத்தின் சமையல் கட்டில் மாடத்தி போய்ப் பார்த்தபோது அவள் சுவரில் சாய்ந்து கண் செருகிக் கிடந்தாள். நெற்றி குளிர்ந்திருந்தது. மயங்கிவிட்டால் நாடி இறங்கும், நாடி இறங்கினால் ஒட்டு நாலும் கழன்றுவிடும் என்பது மாடத்திக்குத் தெரியும். நாலு பங்கும் ஒரே அடியாகப் பிள்ளைமேல் விழும். ஐந்து மணிக்கு இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது. தன் பிடரியில் இன்னொன்றை ஒட்ட அவளும் பார்த்தாள். சங்கத்தார் பெயரில் ஏற்கெனவே இருக்கிற கழுத்தை அது ஏற்கவில்லை, உதிர்ந்தது. உதிர்ந்த அந்தக் கணத்தைக்கூடப் பொறுக்காமல் திரும்ப லூர்தம்மாள் முதுகில் அழுத்தினாள். கனியம்மாவைக் கூப்பிடலாமென்றால் அவள் பாத்தியில் இருக்கிறாள், வர ஒரு மணி நேரம்.

"இதுல அந்த ஆளோடது எது?"

"மேல இருக்கது. மொதல்ல ஒட்டுனது."

"ஒண்ண மட்டும் இறக்கிக்கிடுதேன். மூணு தாங்குவீயளா?"

"மூணுன்னா தாங்குவேன்."

இங்கே மாடத்தி ஒரு தப்புச் செய்தாள். உப்பளத்தில் வேலை செய்கிறவள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

பாத்திக்கும் உப்பு அம்பாரத்துக்கும் நடுவே ஒரு முழ அகலத்தில் வரப்பு போகும். தலையில் துணிச் சும்மாடு வைத்து, அதன்மேல் உப்புப் பெட்டியோடு நாற்பது பெண்கள் ஒருத்தி பின்னால் ஒருத்தியாகப் போவார்கள். யாரும் யாருடைய சுமையையும் எடைபோடுவதில்லை. ஆனால் தலையில் ஏற்றியதை வரப்பில் போடக்கூடாது. கழுத்து ஒடிந்தாலும் அம்பாரத்தில்தான் போட வேண்டும். நடுவில் போட்டால் பின்னால் வருகிறவள் தடுக்கி விழுவாள், அவளுக்குப் பின்னால் வருகிறவள் அவள்மேல் விழுவாள். பன்னிரண்டு வயசிலிருந்து முப்பத்தைந்து வருஷம் மாடத்தி அந்த வரப்பில் நடந்திருக்கிறாள். வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறவளைப் பார்த்திருக்கிறாள். பெட்டியைக் குறைத்து நிரப்புகிற கள்ளியைப் பார்த்திருக்கிறாள். ஏற்றின சுமையை வரப்பில் எறிகிற ஆளை அவள் பார்த்ததே இல்லை. அப்படி ஒரு ஆள் இருக்க முடியும் என்பதே அவளுக்குத் தோன்றவில்லை. அவர் பங்கு அவர் தலைக்கு ஏறிவிட்டால் சுமப்பார், வேறென்ன செய்வார் என்றுதான் நினைத்தாள்.

மேடையை ஒட்டிய சமையல் கட்டு வாசலுக்கு லூர்தம்மாளைத் தாங்கி வந்து, பொன்னாடைக்குக் கூப்பிட்ட கணத்தில் ஒட்டை உரித்து, உள்ளங்கையில் மறைத்து, ரெண்டே எட்டில் போய், பொன்னாடையோடு சேர்த்துக் கோகுல்நாத்தின் பிடரியில் ஒட்டினாள். கைதட்டினார்கள். படம் எடுத்தார்கள். படம் நன்றாகத்தான் வந்தது.

அவர் பேச ஆரம்பித்தார். நாற்பது நிமிடத்துக்கு எழுதி வைத்திருந்த பேச்சு. ஒரு குழந்தையின் வலியைத் தன் உடலில் ஏற்பது எப்படிப்பட்ட அனுபவம் என்று சொல்லத் தொடங்கியவர், முதல் பக்கத்திலேயே வயிற்றைத் தடவினார். தண்ணீர் குடித்தார். மறுபடி குடித்தார். கடைசி ஒன்பது பக்கத்தை விட்டுவிட்டு நன்றி சொல்லி இறங்கினார். சபை மனசாரக் கைதட்டியது.

நேராகச் சாப்பாட்டு மேசைக்குப் போனார். பிரியாணி தட்டில் விழுவதற்குள் கை போனது. ஒரு தட்டு, ரெண்டு தட்டு. அப்பளத்தை ரெண்டாக உடைக்கப் பொறுமையில்லாமல் மடக்கி வாயில் வைத்தார். கேசரியைக் கரண்டியோடு எடுத்தார். மாநிலத்திலிருந்து வந்தவர் ஏதோ கேட்டார், இவர் தலையை மட்டும் ஆட்டினார். சுற்றி நின்றவர்கள் இயக்குநர் எவ்வளவு எளிமையானவர் என்று பேசிக்கொண்டார்கள். ஒருவர்கூட அவருக்குப் பசிக்கிறது என்று நினைக்கவில்லை.

ஒருத்திக்கு மட்டும் தெரிந்தது. கூடத்தின் ஓரத்தில் தட்டோடு உட்கார்ந்திருந்த ஆதிரா தின்பதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். அந்த வாயையும் அந்தக் கையையும் அவள் அறிவாள். எழுந்து போய் அவர் முன்னால் நின்றாள். தன் தட்டிலிருந்த உளுந்த வடையை நீட்டினாள்.

"இந்தாங்க மாமா. இது உள்ள போனா கொஞ்ச நேரம் நிக்கும்."

சோற்றுக்காகச் சுவரைச் சுரண்டிய பிள்ளை, தலையணையில் ஒளித்துவைத்த பிள்ளை, தன் தட்டிலிருந்து ஒரு பண்டத்தை எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. தூரத்தில் நின்ற மாடத்தி பார்த்தாள். ரெஹானாவும் பார்த்தாள்.

கோகுல்நாத் வடையை வாங்கி ரெண்டு கடியில் தின்றார். அது நிற்கவில்லை. அப்போதுதான் அவர் கை பிடரிக்குப் போனது. தடவினார். புரிந்தது. அட்டைப்பூச்சியைப் பிய்ப்பதுபோலப் பிய்த்து, கை துடைத்த காகிதத்தில் சுருட்டி, எச்சில் தொட்டியில் போட்டுவிட்டுக் கை கழுவப் போனார். மொத்தம் பதினாறு நிமிடம் சுமந்திருந்தார்.

ஆதிராவின் தட்டு கீழே விழுந்தது. கேசரியைத் தரையிலிருந்து அள்ளிப் பாவாடைக்குள் வைத்தாள். அடுத்த மேசையில் யாரோ விட்டுப்போன எலும்பை எடுத்தாள். வாயில் ஒன்று இருக்கும்போதே இன்னொன்றைத் திணித்தாள். அழவில்லை, அதற்கு நேரமில்லாதவள்போல இருந்தாள். கூட்டம் விலகி வட்டமாக நின்று பார்த்தது. சில பேர் கைப்பேசியைத் தூக்கினார்கள்.

மாடத்தி ஓடினாள். தொட்டிகள் ஏழு இருந்தன. எதில் போட்டார் என்று கோகுல்நாத்தைக் கேட்டால் எனக்கென்ன தெரியும் என்றார். லூர்தம்மாள் சமையல் கட்டிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். எதையும் கேட்கவில்லை. முப்பது வருஷம் எச்சில் தொட்டி கொட்டியவள், பெரிய மனிதர்கள் எந்தத் தொட்டியில் போடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். கை கழுவும் இடத்துக்குப் பக்கத்துத் தொட்டியில் முழங்கைவரை விட்டு எலும்பையும் இலையையும் ஒதுக்கி, காகிதத்தை எடுத்துப் பிரித்து, துடைக்காமல் அப்படியே பிடரியில் வைத்து அழுத்தினாள். சுவரில் சரிந்து உட்கார்ந்தாள்.

ஆதிராவின் கை நின்றது. பாவாடையில் இருந்த கேசரியைப் பார்த்து வெட்கப்பட்டாள்.

நாலு நிமிடம் ஆகியிருந்தது.

மூன்று மணிக்கு முகமை அறையில் கூடினார்கள். கோகுல்நாத் சட்டையை மாற்றியிருந்தார். பொறுப்பில்லாத வளர்ப்புத் தாய் என்றும், அரசு நிகழ்ச்சியில் தாக்குதல் என்றும், பிள்ளையை இன்றே இல்லத்துக்கு மாற்றுவது என்றும் சொன்னார். ஜெயசிங் ஒவ்வொன்றுக்கும் வருத்தம் தெரிவித்தார். கொம்பையா வாசலில் லாரிச் சட்டையோடு நின்றான். அவனை உள்ளே கூப்பிடவில்லை. மாடத்தி அந்த நாலு நிமிடத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தாள்.

ரெஹானா கையிலிருந்த பலகைத்திரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். குரல் ஏறவில்லை.

"சார், ஒட்டு நாடித் துடிப்பையும் எழுதி வைக்கும். உங்க பேருல எழுபது நாளா ஒரே துடிப்பு ஓடுது. மத்த மூணு சார் பேர்லயும் அதே துடிப்புதான், ஒரு அடிகூட மாறல. இன்னைக்கு ஒரு பதினாறு நிமிஷம் மட்டும் வேற துடிப்பு. மாநிலத்துக்கு அனுப்பற அறிக்கையில இதுல எதைப் போடட்டும்?"

கோகுல்நாத் மாற்றிய சட்டையின் காலரை இழுத்துவிட்டார்.

"கருவிக் கோளாறுன்னு போடுங்க," என்றார் கோகுல்நாத்.

"அப்போ நாலு நிமிஷம் புள்ளைக்கு வந்ததும் கருவிக் கோளாறு. அது முறிவுல சேராது."

"சேராது."

"கையெழுத்து சார்."

ஐந்து மணிக்கு முத்திரை விழுந்தது. ஆதிரா மாடத்தி வீட்டில். பதினெட்டு வயசுவரை. உண்மையைச் சொல்லித் தண்டிக்க வழி இருந்தது. சொன்னால் ஒப்பந்தம் முறியும், ஒப்பந்தம் முறிந்தால் எட்டு ஒட்டும் பெட்டிக்குப் போகும். ரெஹானா அதை வெளியே வந்து சொன்னாள், தலையைக் குனிந்துகொண்டு. மாடத்தி அவள் தோளைத் தட்டிவிட்டு, உங்களால முடிஞ்சது இதுதான் டாக்டரம்மா, இதுவே பெரிசு என்றாள். அடுத்த மாதம் திட்டம் ஆறு மாவட்டத்துக்குப் போனது. முகமைக்குக் கேடயமும் சான்றிதழும் கொடுத்தார்கள். சான்றிதழின் நகல் ஜெயசிங்கின் சுவரில் பதினைந்தாவதாகத் தொங்குகிறது.

வீட்டுக்கு நடக்கும்போது கொம்பையா, "ஏட்டி, சும்மாடு வைக்காத தலையில ஏத்திட்டியே," என்றான். திட்டவில்லை, சும்மா சொன்னான். அவள் ஆமாம் என்றாள்.

மறுநாள் காலை கனியம்மா லூர்தம்மாள் வீட்டுக்குப் போய் மூன்று ஒட்டைக் கழற்றாமலேயே காத்திருந்தாள். உப்பளத்திலிருந்து இன்னும் ரெண்டு பேர் வந்த பிறகு, நின்ற இடத்திலேயே, மூச்சு விடும் நேரத்துக்குள் முதுகிலிருந்து பிடரிக்கு மாற்றிக்கொண்டார்கள். சங்கத்தில் அவர்களுக்குப் பெயர் இல்லை, அதனால் ஒட்டு ஏற்றுக்கொண்டது. காகிதத்தில் அவர்கள் இன்றும் மூன்று அதிகாரிகள். நாலாவதை, கோகுல்நாத் பெயரில் உள்ளதை, கொடுக்க மாட்டேன் என்றுவிட்டாள் லூர்தம்மாள். ஒன்றுதான், அது கிடக்கட்டும், அந்தப் பிள்ளை சாப்பிட்டாளா இல்லையா என்று எனக்குத் தெரிய வேண்டாமா என்றாள். ஞாயிற்றுக்கிழமை ஆதிராவைப் பார்க்க வருகிறாள். வரும்போது கொய்யாப்பழம்.

ஆதிரா ஒரு வாரம் தட்டைக் கையால் மூடிக்கொண்டு சாப்பிட்டாள். எட்டாம் நாள் கேட்டாள்.

"பெரியம்மா, அன்னைக்கு யாரு விட்டா?"

மாடத்தி அடுப்பு வேலை இருக்கிறது என்று சாக்குச் சொல்லித் தப்பிக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து முன்னால் உட்கார்ந்தாள். "நாந்தான் மக்கா. எறிஞ்சது அந்த ஆளு. ஆனா ஆளு தெரியாம அவன் தலையில ஏத்துனது நானு. அந்த நாலு நிமிஷம் எம்மேலதான். இனிமே ஏத்துறதுக்கு முன்னால பாத்துக்கிடுதேன்."

பிள்ளை யோசித்தது. தட்டின் மேலிருந்து கையை எடுத்தது. நாலு நிமிடத்தை மன்னித்ததாகவோ மன்னிக்காததாகவோ சொல்லவில்லை.

"வடை?" என்றாள்.

"என்ன வடை?"

"அந்த மாமாவுக்குப் பசிச்சுச்சுன்னு குடுத்தேன்லா. தின்னுட்டு எனக்கே பசியைக் குடுத்துட்டாரு. வடையத் திருப்பித் தரல."

எழுபது நாள் பசியை நாலு அதிகாரிகளும் தரவேண்டியிருக்கிறது. அதை எந்த அலுவலகத்தில் போய்க் கேட்பது என்று யாருக்கும் தெரியாது, கேட்டால் கருவிக் கோளாறு என்பார்கள். அது பெரியவர்கள் கணக்கு, கிடக்கட்டும். பிள்ளையின் கணக்கு நேரானது. தென்கரை மழலை நல முகமையின் இயக்குநர் கோகுல்நாத், ஏழு வயது ஆதிராவுக்கு ஓர் உளுந்த வடை தரவேண்டும். இன்னும் தரவில்லை.